பல்கலைச் செல்வர் பி. ராம்லி

 

சென்ற பள்ளி விடுமுறையில் நம் பள்ளி மாணவர் சிலரைத் தலைநகருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். கிள்ளானில் தொடர்வண்டி ஏறிப் பிரிக்பீல்ட்ஸில் இறங்கினோம். காலையுணவுக்காகக் கடைத்தெருவில் நடந்து செல்கையில், பார்வையற்ற பெரியவர் ஒருவர் நடைபாதையோரம் அமர்ந்து இசைக்கருவி வாசித்துக் கொண்டிருக்கக் கண்டோம். பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள வட்டாரமாதலின் அத்தகையோரை அங்குக் காண்பது இயல்பே. அவர் வாசித்தது ஒரு மலாய்ப் பாடல். உடன் வந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்த மெட்டுக்குத் தொடையில் தாளம் தட்டினான். தொலைக்காட்சியில் கேட்டிருக்கிறானாம், ஆனால், அதனை ஆக்கியவர் யாவரென அவன் அறியான். அன்று அவனுக்கு நாம் சொன்ன வரலாற்றையே எல்லாரும் அறிய இங்கு எழுதுகிறோம். அவர்தாம் கலைச்செல்வர் பி. ராம்லி.

பி. ராம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தெயூக்கு சக்காரியா. தந்தையார் தெயூக்கு ஞாக் பூத்தே, சுமத்திராவின் ஆச்சே நாட்டிலிருந்து வந்த கப்பல் மாலுமி. தாயார் சே மா, பட்டர்வொர்த் பகுதியைச் சேர்ந்தவர். தந்தையின் பெயரிலுள்ள 'பூத்தே' என்பதன் முதலெழுத்தே பின்னாளில் 'பி.' என அவர் பெயர்முன் நின்றது. செல்வம் மிகுந்த குடும்பமன்று. பலகையும் அத்தாப்பும் கொண்ட எளிய வீடே அவர் வளர்ந்த இல்லம்.

முதலில் மலாய்ப்பள்ளியிலும் பின்னர் ஆங்கிலப் பள்ளிகளிலும் அவர் பயின்றார். அவருக்குப் பன்னிரண்டு வயது நிகழ்கையில் ஜப்பானியப் படை நம் நாட்டினுள் புகுந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. நம் முன்னோர் பலரைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசென்ற கொடுங்காலம் அது. அக்காலத்தில் ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் சேர்ந்த ராம்லி, அங்கு ஜப்பானியப் பாடல்களையும் இசையின் அடிப்படைகளையும் கற்றுக்கொண்டார். போர் முடிந்தபின் முறையாக இசை பயின்றார். யூக்குலேலே, கித்தார், வயலின் ஆகிய கருவிகள் அவர் கைக்கு வயப்பட்டன. உள்ளூர் இசைக்குழுக்களில் சேர்ந்து பாடினார். பினாங்கு வானொலியின் பாட்டுப் போட்டிகளிலும் கலந்துகொண்டார். முதன்முறையே வாகை சூடிவிடவில்லை. மனந்தளராது முயன்று 1947இல் முதற்பரிசு பெற்றார். மாணவர்கள் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1948ஆம் ஆண்டு சூன் மாதம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அங்கு ராம்லி வயலின் வாசித்துப் பாடியதை, இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிக் கொண்டிருந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்க நேர்ந்தது. அவ்விளைஞரைச் சிங்கப்பூருக்கு வருமாறு அவர் அழைத்தார். ஆகத்து மாதத்தில் ராம்லி சிங்கையின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தை அடைந்தார். அப்போது அவர் வயது பத்தொன்பது.

அந்நிலையத்தைப் பற்றி ஒரு சொல் கூறுதல் பொருந்தும். அதன் உரிமையாளர் ஷா சகோதரர்கள், சீனர். இயக்குநர்களுள் பெரும்பாலோர் இந்தியர். நடித்தோரும் பாடியோரும் மலாய்க்காரர். மூவினத்தாரும் ஒரு கூரையின்கீழ் உழைத்து உருவாக்கியதே அன்றைய மலாய்த் திரைப்படம். ராம்லி முதலில் நடித்த 'சிந்தா' எனும் படத்தில் அவருக்குக் கிட்டியது வில்லன் வேடமே. கதாநாயகனுக்குப் பின்னணி பாடும் பணியும் அவருடையது. குரலைக் கொடுத்துவிட்டு முகத்தை மறைத்து நிற்க வேண்டிய நிலை! ஈராண்டுகள் சென்றபின், 1950இல் 'பக்தி' எனும் படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்த நம் தமிழர் அவர் என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

இசைவாணராக வந்தவர் நடிகரானார். நடிகராக இருந்தவாறே கதை எழுதவும் படம் இயக்கவும் கற்றுக்கொண்டார். 1955இல் அவர் தாமே இயக்கிய முதற்படம் 'பெனாரிக் பேச்சா'. மூன்று சக்கர வண்டி மிதித்துத் தாயைக் காக்கும் ஓர் ஏழை இளைஞனின் கதை அது. உழைப்பாளியை இழிவாகக் கருதும் செல்வர் ஒருவர் இறுதியில் தம் தவற்றை உணர்கிறார். வியர்வை சிந்தி உண்ணும் நம்மவர்க்கு இக்கதையின் பொருள் எளிதில் விளங்கும்.

1956இல் வெளிவந்த 'அனாக்கு சசாலி' பெற்றோர் காணவேண்டிய படம். அளவுகடந்த செல்லத்தால் மகனைக் கெடுத்துவிடும் ஓர் இசைவாணர், முடிவில் தம் கையாலேயே அவனைக் காவலரிடம் ஒப்படைக்க நேர்கிறது. தந்தை, மகன் ஆகிய இருவராகவும் ராம்லியே நடித்தார். அந்நடிப்புக்காக 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். பின்னர் 'பூஜாங் லாப்போக்' வரிசைப் படங்களால் நாட்டையே சிரிக்க வைத்தார். எவர் மனத்தையும் புண்படுத்தாது, ஏழைகளின் அன்றாடத் தொல்லைகளிலிருந்தே நகைச்சுவையை எடுத்தமையால், மலாய்மொழி சிறிதே அறிந்தோரும் அவற்றைக் கண்டு சிரித்தனர்.

1962இல் வந்த 'இபு மெர்துவாக்கு' படத்தின் நாயகனும் ஓர் இசைவாணனே. இசைவாணன் என்பதற்காகவே செல்வச் செருக்குடைய மாமியார் அவனை வெறுக்கிறாள். பொய் சொல்லி மனைவியைப் பிரிக்கிறாள். அழுதழுது அவன் கண்ணொளி இழக்கிறான். கலைஞனைச் சமுதாயம் எங்ஙனம் நடத்துகிறது என்பதை ராம்லி அப்படத்தில் காட்டினார். பின்னாளில் அவருக்கே அத்தகைய புறக்கணிப்பு நேரும் என்பதை அன்று யாரே அறிவார்!

1964இல் அவர் சிங்கையை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்து, உலு கிள்ளானிலிருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணியாற்றலானார். துணைவியார், புகழ்பெற்ற பாடகி சலோமா, உடன் வந்தார். ஆனால், காலம் மாறிவிட்டது. வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. இளைஞர்கள் மேனாட்டுப் பாணி மின்கித்தார் இசையில் மயங்கினர். புதிய நிலையத்தில் கருவிகளும் தேர்ந்த உதவியாளரும் போதவில்லை. ராம்லியின் படங்கள் முன்போல் ஓடவில்லை. ஒருகாலத்தில் போற்றிய செய்தித்தாள்களே அவரைக் குறை கூறின. அவர் மெட்டுகள் பழமையானவை என ஒதுக்கப்பட்டன. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய இறுதிப் படமாயிற்று.

1973ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் மாரடைப்பால் பி. ராம்லி காலமானார். வயது நாற்பத்து நான்கே. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை வழங்கியவர், கையில் பொருளின்றியே மறைந்தார். கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் இடுகாட்டில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அதன் பின்னரே நாடு விழித்துக்கொண்டது. 1982இல் தலைநகரின் ஜாலான் பாரி, ஜாலான் பி. ராம்லி எனப் பெயர் மாற்றம் பெற்றது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவில்லமாயிற்று. 1990இல் 'டான் ஸ்ரீ' விருது வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இவ்விடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் மேசையைத் தட்டித் தாளம் போட்ட மாணவன் ஒருவனைப் பிரம்பால் அடித்தோம். கூத்தாடியாகவா போகிறாய் என்று ஏளனமும் செய்தோம். அவன் தந்தையாரும் நம் பக்கமே நின்றார். அவன் அன்றோடு தாளத்தை விட்டான். பாடத்திலும் நாட்டம் பெற்றானில்லை. பால்வெட்டுக்குச் சென்று, பின்னர்த் தோட்டத்தை விட்டே போய்விட்டான். அவன் ராம்லியாகியிருப்பான் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், அவன் கையிலிருந்ததைப் பறித்த நாம், அதற்கீடாக ஒன்றையும் கொடுத்தோமில்லை.

ஆகவேதான் பிரிக்பீல்ட்ஸில் தொடையில் தாளம் தட்டிய மாணவனை நாம் தடுக்கவில்லை. அப்பார்வையற்ற பெரியவர் வாசித்து முடிக்கும் வரை எல்லாரும் நின்று கேட்டோம். மாணவர்கள் தங்கள் கைச்செலவுக் காசிலிருந்து ஆளுக்குச் சிறிது எடுத்துக் கொடுத்தனர். தாளம் தட்டியவன் மட்டும் அவரருகே சென்று, பாட்டு நன்றாயிருந்ததென மலாய்மொழியில் சொன்னான். பெரியவர் முகம் மலர்ந்தது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பாடினால் செவி கொடுத்துக் கேளுங்கள். பாடநூலையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் அவனுக்கு வேண்டும். மாணவர்களே! எவரிடமிருந்தும் கற்றுக்கொள்ளுங்கள், முதற்போட்டியில் தோற்றால் மீண்டும் முயலுங்கள். நமக்கு மகிழ்வூட்டுவோரை அவர் வாழுங்காலத்திலேயே போற்றுவோமாக!