வெல்ஸ்பாக் பிரபு

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக் காலத்தில், நள்ளிரவிற் பாடற்குழுவினர் தெருத்தெருவாய்ச் சென்றபோது உடன் சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கை நம் முன்னோர் நன்கு அறிவர். அவ்விளக்கினுள் வெண்மையாய்ச் சுடர்ந்த வலைப்பை மாண்டில் எனப்படும். அதனை உலகிற்கு அளித்தவர் ஆஸ்திரிய நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் ஔவர் வான் வெல்ஸ்பாக் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1858-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் வியன்னா நகரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க அச்சுக்கூடத்தின் தலைவர். மகனார் ஹைடல்பர்க் சென்று, பன்சன் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1882-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பொருள்கள் வீசும் ஒளியை நிறம் நிறமாய்ப் பகுத்து அவற்றின் இயல்பறியும் முறை அவ்வாசிரியர் வழி வந்ததே.

அக்காலத்தில் டிடிமியம் என்னும் அருமண் ஒரு தனிமம் எனக் கருதப்பட்டது. கிரேக்க மொழியில் இரட்டையைக் குறிக்கும் சொல்லால் அதற்குப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு மொசாண்டர்; லாந்தனத்தின் உடன்பிறப்பு என்பது அவர் கருத்து. அதுவே இரட்டை என்பதை அவர் அறிந்திலர்! 1879-இல் சமேரியம் வேறாகப் பிரிக்கப்பட்ட பின்னரும், எஞ்சியதைத் தனிமமென்றே பலர் கொண்டனர். வெல்ஸ்பாக் அதனை அம்மோனிய நைட்ரேட்டுடன் இரட்டை உப்பாக்கிக் கரைப்பார். முதலிற் படியும் படிகத்தை ஒருபுறமும், எஞ்சிய நீரை மறுபுறமும் வைப்பார். மீண்டும் கரைப்பார், மீண்டும் படியவிடுவார். திங்கள் பல இவ்வாறே கழிந்தன. 1885-இல் ஒருபுறம் பச்சை உப்பும் மறுபுறம் இளஞ்சிவப்பு உப்பும் நின்றன. முன்னது பிரசியோடிமியம், பின்னது நியோடிமியம்.

மாண்டிலும் அவ்வாண்டிலேயே தோன்றியது. ஆயின் எளிதில் உதிர்ந்தது. ஒளியோ பசுமை கலந்தது. வாங்குவாரின்மையால் 1889-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அவர் சோர்ந்திலர். 1891-இல் தோரியம் ஆக்ஸைடு 99 பங்கும் சீரியம் ஆக்ஸைடு ஒரு பங்கும் சேர்த்துப் புதிய மாண்டிலைச் செய்தார். ஒளியனைத்தும் அவ்வொரு பங்கின் அருளே எனலாம். நகரத் தெருக்கள் பல அதனால் விளக்கமுற்றன. தோரியத்தை நாடிய வணிகத்தால் 1909-இல், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டு மணலும் வெளிப்பட்டது.

அதே 1909 அவருக்குக் கசப்பான ஆண்டு. யிட்டெர்பியமும் ஒரு கலவையே எனக் கண்டு, அதனை இரண்டாகப் பிரித்து, வானத்து மீன்களின் பெயரால் அல்டெபரேனியம், காசியோபியம் என வழங்கினார். பாரிஸ் நகரத்து உர்பேனும் அதனையே பிரித்து, ஒன்றனை லுட்டீசியம் என்றார். அமெரிக்காவில் ஜேம்ஸ் என்பாரும் பிரித்திருந்தார், அவர் வழக்காடவில்லை. அணுவெடைக் குழுவினர் உர்பேனுக்கே முதன்மை அளித்தனர். அக்குழுவில் உர்பேனும் ஓர் உறுப்பினர்! வழக்குடையார் நடுவர் இருக்கையில் அமர்வது முறையன்று என்றே நாம் கருதுகின்றோம். ஜெர்மானியர் பல்லாண்டுகள் காசியோபியம் என்றே எழுதிவந்தனர், பிறர் ஏற்கவில்லை. வெல்ஸ்பாக் 1929-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் தம் மாளிகையிற் காலமானார்.

அவர் பிரித்த தனிமங்களுக்கு அவர் கனவிலும் எண்ணாத பணி பின்னர் வந்தது. 1964-இல் யிட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகத்தில் நியோடிமியத்தைச் சிறிதளவு கலந்து லேசர் ஒளி பெற்றனர். இக்காலத்தார் அதனினும் நுண்ணிய கருவி செய்கின்றனர். பொட்டாசியம் யிட்ரியம் டங்ஸ்டேட்டுப் படிகத்தின்மேல், மயிரிழையினும் மெல்லியதொரு படலத்தை வளர்த்து, அதில் ஒளி செல்லும் வாய்க்காலை அமைக்கின்றனர். படலத்தின் ஒளிவிலகல் எண் அடிப்படிகத்தினும் மிகுந்திருந்தாலன்றி ஒளி வெளியே கசிந்துவிடும். அதனை மிகுவிக்கக் கடோலினியமும் லுட்டீசியமும் சேர்ப்பர். முன்னதன் அயனி பெரிது, பின்னதன் அயனி சிறிது. இரண்டையும் அளவறிந்து கலந்தால் படலம் வெடியாது பொருந்துகிறது. ஒளியைத் தருவது அப்படலத்திற் கலந்த யிட்டெர்பியம். வழக்கிற்குரிய அவ்விரு தனிமங்களும் ஒரே படிகத்தில் இருக்கின்றன. ஒன்று ஒளிர்கிறது, மற்றொன்று அவ்வொளி வாய்க்காலை விட்டு விலகாமற் காக்கத் துணைநிற்கிறது.