கதவைச் சாத்திய விருந்தாளி!

குட்டீஸ்! நீங்கள் ஆபத்தில் தவித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து அடைக்கலம் கொடுக்கிறார். பல வருஷம் கழித்து அவரே உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவருக்கு இடமில்லை என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா? பிரான்ஸ் நாட்டின் ஜனாதிபதியாக இருந்த சார்லஸ் டி கோல் அப்படித்தான் சொன்னார். அதுவும் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! ஏன் தெரியுமா?

பிரிட்டன் ஒரு தீவு. அதற்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் கடலுக்கு ஆங்கிலக் கால்வாய் என்று பெயர். மிகக் குறுகலான இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோ மீட்டர்தான். ஆனாலும், பல நூற்றாண்டுகளாக இரண்டு நாடுகளும் அடிக்கடி சண்டை போட்டுக்கொண்டே இருந்தன.

டி கோல் 1890ம் ஆண்டு நவம்பர் 22ம் தேதி, பிரான்சின் லில் நகரில் பிறந்தார். அப்பா ஆசிரியர். நாட்டின் சரித்திரத்தைக் கேட்டே வளர்ந்தார் டி கோல். அவர் சிறுவனாக இருந்த 1898ல், ஆப்பிரிக்காவில் பஷோடா என்ற இடத்துக்காக பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொள்ளும் நிலை வந்தது. கடைசியில் பிரான்ஸ் பின்வாங்கியது. அந்த அவமானம் சிறுவனின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

பெரியவனானதும் ராணுவத்தில் சேர்ந்தார். ஆறேகால் அடிக்கும் மேல் உயரம்! முதல் உலகப் போரில், 1916ல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். சிறையிலிருந்து ஐந்து முறை தப்பிக்கப் பார்த்தார். ஐந்து முறையும் மாட்டிக்கொண்டார்!

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940ல், ஆறே வாரங்களில் பிரான்சைத் தோற்கடித்தது ஜெர்மனி. ஜூன் 16ம் தேதி, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் ஓர் அதிசயமான யோசனையைச் சொன்னார். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஒரே நாடாகிவிடலாம் என்பதே அது! லண்டனில் இருந்த டி கோல், அதை போனில் தன் நாட்டு பிரதமருக்குச் சொன்னார். ஆனால், பிரெஞ்சு அமைச்சர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிரவே அந்த அரசு போய்விட்டது. அடுத்து வந்த அரசு ஜெர்மனியிடம் பணியத் தயாரானது.

டி கோல் பணியவில்லை. ஜூன் 17ம் தேதி விமானத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தார். மறுநாள் பி.பி.சி. வானொலியில், போரைத் தொடருவோம் என்று தன் மக்களை அழைத்தார். அன்று அதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பிரான்சிலோ அவருக்கு மரண தண்டனையே விதித்துவிட்டார்கள். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரியும், 1940 செப்டம்பரில் டி கோல் பக்கம் சேர்ந்தது.

பிரிட்டன் அவருக்கு இடம் கொடுத்தது. பணம், ஆயுதமும் கொடுத்தது. ஆனால், உரசலும் இருந்தது. 1940 ஜூலை 3ம் தேதி, ஜெர்மனியின் கையில் சிக்கிவிடக் கூடாதே என்று, அல்ஜீரியாவில் நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை பிரிட்டிஷ் கடற்படையே சுட்டது. சுமார் 1,300 பிரெஞ்சு மாலுமிகள் இறந்தார்கள். டி கோலுக்குத் தாங்க முடியாத துக்கம். ஆனாலும் போர் முடியும்வரை பிரிட்டன் பக்கமே நின்றார்.

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் தரையிறங்கியதை, இரண்டே நாள் முன்னதாகத்தான் அவரிடம் சொன்னார்கள். சொந்த நாட்டை மீட்கும் திட்டம் அவருக்கே தெரியாது! எப்படி இருந்திருக்கும் அவருக்கு? அமெரிக்காவா, ஐரோப்பாவா என்று வந்தால், பிரிட்டன் அமெரிக்கா பக்கமே சாயும் என்று அப்போதே நினைத்தார்.

போர் முடிந்தது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள், 1957ல் பொதுச்சந்தை அமைக்க ஒப்பந்தம் போட்டன. பிரிட்டன் ஒதுங்கி நின்றது. ஆறு நாடுகளும் வேகமாக வளர்ந்ததும், 1961ல் தன்னையும் சேர்க்கும்படி கேட்டது. கேட்டவர் பிரதமர் மேக்மில்லன். போர்க் காலத்தில் டி கோலுக்குக் கைகொடுத்த நண்பர்!

ஆனால், 1963 ஜனவரி 14ம் தேதி, நிருபர்கள் கூட்டத்தில் டி கோல் மறுத்துவிட்டார். பிரிட்டன் கடலை நம்பி வாழும் தீவு. நியூசிலாந்து போன்ற தூர தேசங்களிலிருந்து உணவு வாங்கும் நாடு. ஏவுகணைக்குக்கூட அமெரிக்காவைத்தான் நம்புகிறது. அது ஐரோப்பாவோடு முழு மனசாக ஒட்டாது என்பது அவர் வாதம். ஐரோப்பாவில் பிரான்சின் கை தாழ்ந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. மற்ற ஐந்து நாடுகளும் வருத்தப்பட்டன. 1967ல் பிரிட்டன் மறுபடி கேட்டது. மறுபடியும் மறுத்தார்!

நன்றி கெட்டவர் என்று பிரிட்டனில் பலர் திட்டினார்கள். நன்றி வேறு, நாட்டு நலன் வேறு என்பது டி கோலின் எண்ணம்.

1970 நவம்பர் 9ம் தேதி அவர் காலமானார். 1973ல் பிரிட்டனுக்குக் கதவு திறந்தது. 1975ல் நடந்த ஓட்டெடுப்பில், 67 சதவீதம் பேர் அதிலேயே இருக்கலாம் என்றார்கள். பொதுச்சந்தை வளர்ந்து ஐரோப்பிய யூனியன் ஆனது. 2016ல் மறுபடி ஓட்டெடுப்பு. இந்த முறை சுமார் 52 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள். 2020 ஜனவரி 31ம் தேதி பிரிட்டன் வெளியேறியது.

டி கோல் கணித்தது சரிதானா? அல்லது, ஆரம்பத்திலேயே சேர்த்திருந்தால் பிரிட்டன் மனசு ஒட்டியிருக்குமா? பெரியவர்கள் இன்னும் இதை விவாதிக்கிறார்கள்.

ஒரு விஷயம் குட்டீஸ்! லண்டனில் டி கோல் வேலை பார்த்த கார்ல்டன் கார்டன்ஸ் பகுதியில், 1993ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். தங்களுக்குக் கதவைச் சாத்தியவரை, அடைக்கலம் கொடுத்த இடத்திலேயே நிற்க வைத்து மரியாதை செய்கிறார்கள் பிரிட்டிஷ்காரர்கள்!

நீங்கள் டி கோலாக இருந்திருந்தால், என்ன செய்திருப்பீர்கள்?