குளிரில் கல்லாகாத ரப்பர்: பனிக்கால டயருக்கும் கடன்கார சார்லஸ் குட்இயருக்கும் என்ன சம்பந்தம்?

கனடாவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் மாதம் வந்தாலே ஒரு கேள்வி வந்துவிடும். ஏற்கெனவே வண்டியில் இருக்கிற ஆல்-டெரெய்ன் டயர் பனிக்குத் தாங்குமா, இல்லை தனியா ஒரு செட் பனிக்கால டயர் வாங்கணுமா?

பார்வைக்கு ஆல்-டெரெய்ன் டயர் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். பெரிய பெரிய பட்டன், ஆழமான காடி. சேற்றிலும் ஜல்லியிலும் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் மைனஸ் 20 டிகிரி குளிரில், உறைந்து கிடக்கும் ரோட்டில், அதே டயர் சோப்பு தடவின மாதிரி வழுக்கலாம்.

இதற்குப் பட்டனை மட்டும் குறை சொல்ல முடியாது. விஷயம் ரப்பரில் இருக்கு. குளிர ஆரம்பித்தால் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் ரோட்டைக் கவ்விப் பிடிக்காது.

குளிரில் இறுகாத, வெயிலில் உருகாத ரப்பர் வேண்டும் என்பது கார் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்த தலைவலி. அதற்காக வீட்டுச் சாமான், உடம்பு, நிம்மதி எல்லாத்தையும் தொலைத்தவர் சார்லஸ் குட்இயர். அவர் ஒரு கார் டயர்கூட செய்ததில்லை. அவர் பெயரில் இருக்கிற டயர் கம்பெனியும் அவருடையது இல்லை!

யார் இந்த குட்இயர்?

1800 டிசம்பர் 29-ஆம் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவனில் பிறந்தார். அப்பா அமாசா குட்இயர் பட்டன், விவசாயக் கருவிகள் போன்றவற்றைச் செய்து விற்றவர். மகனும் அதே வழியில் இரும்புச் சாமான் வியாபாரத்தில் இறங்கினார். 1824-இல் கிளாரிசா பீச்சர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டு, பிலடெல்பியாவில் கடை போட்டார்.

கடை ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்பவில்லை. 1830 வாக்கில் வியாபாரம் படுத்தது. அந்தக் காலத்தில் கடனைக் கட்டாவிட்டால் ஜெயில்தான். குட்இயர் உள்ளே போவதும் வெளியே வருவதும் அப்போது தொடங்கி, கடைசி காலம் வரை நிற்கவே இல்லை.

வெயிலில் உருகிய செருப்பு

1830-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரப்பர் மோகம் பிடித்து ஆட்டியது. பிரேசிலில் இருந்து வந்த மரப்பாலில் தண்ணீர் புகாத கோட்டு, ஷூ, பை எல்லாம் செய்து விற்றார்கள். பணக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதலீடு செய்தார்கள்.

அப்புறம் குளிர்காலம் வந்தது. கோட்டு மரப்பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. அடுத்து கோடை வந்தது. அதே கோட்டு பிசுபிசுவென்று ஒட்டி, நாறவே ஆரம்பித்துவிட்டது. வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

1834-இல் நியூயார்க்கில் ராக்ஸ்பரி ரப்பர் கம்பெனியின் கடைக்கு குட்இயர் போனார். அங்கே இருந்த உயிர்காக்கும் மிதவையின் வால்வு அவருக்குத் திருப்தியாக இல்லை. அதைவிட நல்ல வால்வு ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு மறுபடி போனார். கடை நிர்வாகி வால்வைப் பற்றிக் கவலைப்படும் நிலையிலேயே இல்லை. கம்பெனியே மூழ்கிக்கொண்டிருக்கு, ரப்பரை நிலைப்படுத்த வழி கண்டுபிடிப்பவருக்குத்தான் எதிர்காலம் என்கிற உண்மையை அவர் போட்டு உடைத்தார்.

குட்இயருக்கு வேதியியல் தெரியாது. கையில் காசும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு பேச்சுதான் அவருடைய மிச்ச வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது.

ஆய்வுக்கூடம் ஆன சிறை

ஊருக்குத் திரும்பியதும் கடனுக்காக மறுபடி கைது. மனைவியிடம் கொஞ்சம் பச்சை ரப்பரும், மாவு உருட்டும் கட்டையும் கொண்டுவரச் சொன்னார். முதல் பரிசோதனைகள் சிறை அறைக்குள்ளேயே நடந்தன.

அவருடைய யோசனை எளிமையானது. ரப்பர் ஒட்டுகிறதா? உலர்ந்த பொடி எதையாவது கலந்தால் ஒட்டாமல் போகலாம். வெளியே வந்ததும் மக்னீசியா கலந்து நூற்றுக்கணக்கான ஜோடி ரப்பர் ஷூக்கள் செய்தார். குடும்பமே உட்கார்ந்து உழைத்தது. கோடை வந்ததும் எல்லாம் கூழாகிப்போனது.

பின்னர் ஒரு துண்டின் மேல் இருந்த வெண்கலப் பூச்சை எடுக்க நைட்ரிக் அமிலம் ஊற்றினார். துண்டு கறுத்துப்போச்சு, வீசிவிட்டார். சில நாள் கழித்து ஏதோ தோன்றி அதைத் தேடி எடுத்துப் பார்த்தால், மேல்பகுதி வழுவழுப்பாக, ஒட்டாமல் இருந்தது. அதற்கு 1837-இல் காப்புரிமை வாங்கினார். முதலீடு செய்ய ஒருவர் கிடைத்தார். அதே வருஷம் நாடு முழுவதும் வந்த நிதி நெருக்கடி அந்த முதலீட்டாளரையே அடித்துக்கொண்டு போனது. குட்இயர் குடும்பம் ஸ்டேட்டன் தீவில் கைவிடப்பட்ட ரப்பர் ஆலை ஒன்றில் குடியிருந்து, கடலில் மீன் பிடித்துச் சாப்பிட்டது. பரிசோதனையில் வந்த விஷவாயு ஒருமுறை அவர் உயிரையே எடுக்கப் பார்த்தது.

அடுத்து மாசசூசெட்ஸ் மாநிலம் வோபர்ன். அங்கே நத்தேனியல் ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகம் கலந்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்த உரிமையை குட்இயர் வாங்கினார். அரசு தபால் துறையிடம் இருந்து 150 தபால் பைகளுக்கு ஆர்டரும் கிடைத்தது. பைகளைச் செய்து வைத்தார். வெப்பத்தில் அவையும் இளகிப்போயின. மேல்தோல் மட்டும்தான் மாறியிருந்தது, உள்ளே பழைய ரப்பர் அப்படியே இருந்தது.

அடுப்பில் விழுந்த துண்டு, வாசலில் அடித்த ஆணி

1839-இல் நடந்ததைப் பல விதமாகச் சொல்வார்கள். கந்தகம் கலந்த ரப்பர் துண்டு சூடான அடுப்பின் மேல் பட்டுவிட்டது என்பது மட்டும் எல்லாக் கதையிலும் பொது. உருகி வழிய வேண்டிய துண்டு, தோல் மாதிரி கருகி நின்றது. கருகிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விளிம்பு மட்டும் கருகாமலும் ஒட்டாமலும் இழுபட்டது.

எல்லோரும் இந்த அடுப்புக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் டயர் வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்து நடந்ததை. குட்இயர் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டுபோய், சமையலறைக் கதவுக்கு வெளியே ஆணி அடித்து, கடும் குளிரில் ராத்திரி முழுக்க விட்டுவிட்டார். இது அவருடைய மகள் பின்னாளில் சொன்ன விவரம். காலையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். துண்டு விறைக்கவே இல்லை, அப்படியே வளைந்தது.

வெயிலைத் தாங்குவது பாதி வெற்றிதான், குளிரைத் தாண்டினால்தான் முழு வெற்றி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படி என்னதான் நடந்தது அந்த ரப்பரில்? பச்சை ரப்பர் என்பது நீள நீளமான மூலக்கூறு இழைகள். நூடுல்ஸ் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், ஆனால் கட்டுப்பட்டிருக்காது. சூட்டில் இழைகள் நழுவும், குளிரில் அடுக்கி விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இழைக்கும் இழைக்கும் நடுவே கந்தகப் பாலங்கள் விழும். அதன்பிறகு இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். இந்த விளக்கம் வந்தது எவ்வளவோ காலம் கழித்து. குட்இயருக்குத் தெரிந்தது அடுப்பும் ஆணியும்தான்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க மேலும் சில வருஷங்கள் போயின. மனைவி ரொட்டி சுட்டு முடித்த அடுப்பில் ரப்பரை வைத்தார். கெட்டிலில் வேகவைத்தார். பக்கத்து ஆலைகளில் கெஞ்சி நீராவி வாங்கினார். குழந்தைகளின் பள்ளிப் புத்தகத்தைக்கூட விற்றார். சிறு வயது மகன் ஒருவன் இறந்தபோது அடக்கம் செய்யக் கையில் காசில்லை. இதைத் தியாகம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. கிளாரிசாவும் குழந்தைகளும் இதற்குச் சம்மதித்தார்களா என்று கேட்டுவிட்டுப் புகழ்வது நல்லது.

கடைசியில் சுமார் 130 டிகிரி செல்சியஸ் நீராவியில், அழுத்தத்தோடு, நாலு முதல் ஆறு மணி நேரம் வைத்தால் சரியாக வருகிறது என்று பிடித்துவிட்டார். 1844 ஜூன் 15-இல் அமெரிக்கக் காப்புரிமை எண் 3633 கிடைத்தது.

பதக்கமும் ஜெயிலும்

பிரிட்டனில் அவருக்கு முன்னால் தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார். அங்கே போய்ச் சேர்ந்த குட்இயரின் மாதிரித் துண்டுகளை ஹான்காக் பார்த்திருந்தார், கந்தகத்தின் தடயமும் தெரிந்தது. சில வாரங்கள் முன்னதாக, 1843 நவம்பரிலேயே விண்ணப்பித்துவிட்டார். வல்கனைசேஷன் என்கிற பெயரும் ஹான்காக்கின் நண்பர் வைத்ததுதான், ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கனை நினைத்து. நம்ம ஊர் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை போர்டில் வல்கனைசிங் என்று எழுதியிருப்பார்களே, அதே சொல்!

1852-இல் அமெரிக்காவின் டிரென்டன் நகரில் ஹோரஸ் டே என்பவருக்கு எதிராக நடந்த வழக்கில் குட்இயர் ஜெயித்தார். அவருக்காக வாதாடியவர் அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த டேனியல் வெப்ஸ்டர். பிரிட்டன் வழக்கில் தோல்வி.

பணம் வந்தபோதும் தங்கவில்லை. 1851 லண்டன் கண்காட்சியிலும், 1855 பாரிஸ் கண்காட்சியிலும் ரப்பரிலேயே அரங்கம் அமைத்துக் காசை இறைத்தார். பாரிஸில் கடன் கட்ட முடியாமல் மறுபடி சிறை. மூன்றாம் நெப்போலியன் கொடுத்த கௌரவப் பதக்கம் சிறைக்குள் இருந்தபோதுதான் அவரிடம் வந்து சேர்ந்தது.

1860-இல், சாகக் கிடந்த மகளைப் பார்க்கப் புறப்பட்டவர், நியூயார்க் வந்ததும் மகள் இறந்துவிட்ட செய்தியைக் கேட்டு மயங்கி விழுந்தார். ஜூலை 1-ஆம் தேதி உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு இருந்த கடன் சுமார் 2 லட்சம் டாலர்.

குட்இயர் டயர் கம்பெனியை 1898-இல் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் தொடங்கினார். மரியாதைக்காகப் பெயர் வைத்தார், அவ்வளவுதான். குட்இயர் குடும்பத்துக்கு அதில் பங்கு கிடையாது.

சரி, எந்த டயர் வாங்குவது?

குட்இயர் கண்டுபிடித்தது குளிர்ப் பிரச்சனையைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. இன்றைய டயர் ரப்பரும் குளிரக் குளிர இறுகத்தான் செய்யும். கோடை டயர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே பிடிமானத்தை இழக்க ஆரம்பிக்கும். பனிக்கால டயரில் குளிரிலும் இளக்கமாக இருக்கிற கலவை போடுவார்கள், பட்டன் மேல் பிளேடால் கீறின மாதிரி நுண்ணிய வெட்டுகள் வைப்பார்கள். இந்த வகை டயர் முதலில் வந்ததே டிரக்குக்குத்தான். ஃபின்லாந்தில் 1934-இல், இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடி ஆலை செய்தது.

ஆல்-டெரெய்ன் டயரின் பக்கவாட்டில் எம்+எஸ் என்று இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் காடி அமைப்பைப் பார்த்துக் கம்பெனியே போட்டுக்கொள்ளும் குறி. மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று ஒரு படம் இருக்கும். அதுதான் பனியில் ஓட்டிச் சோதித்த டயருக்கான அடையாளம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்தப் படம் உள்ள டயர், இல்லாவிட்டால் ஆணி பதித்த பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஜெர்மனியிலும் 2024 அக்டோபரில் இருந்து வெறும் எம்+எஸ் டயர் பனிக்கால டயராகச் செல்லாது.

ஆனாலும் அந்தப் படத்துக்கும் எல்லை இருக்கு. வட அமெரிக்கச் சோதனையில் பார்ப்பது, இறுகிய பனியில் வண்டி எப்படி இழுத்துக் கிளம்புகிறது என்பதை. பளிங்கு மாதிரி உறைந்த பனிக்கட்டியில் பிரேக் போட்டால் எங்கே நிற்கும் என்பதை அது சொல்லாது. மாதக்கணக்கில் ரோடு உறைந்து கிடக்கும் ஊரில் இருந்தால், படம் போட்ட ஆல்-டெரெய்னைவிடத் தனிப் பனிக்கால டயரே மேல். அவ்வப்போது பனி விழும், நடுவில் மண் ரோடும் ஓட்டணும் என்றால் படம் போட்ட ஆல்-டெரெய்ன் போதும்.

பிக்கப்பில் இன்னொரு சிக்கல். பின்னால் சுமை இல்லாதபோது பின் சக்கரத்தில் எடையே இருக்காது, லேசாக மிதித்தாலே சுழலும். நாலு சக்கர இழுவை இருந்தால் கிளம்புவது சுலபம். நிற்பதற்கு அது உதவாது, அங்கே டயர் மட்டும்தான். அதனால் நாலும் ஒரே ரகமாகப் போடுங்கள். பாரம் ஏற்றுகிற வண்டி என்றால் அதற்கேற்ற சுமை அளவு டயரில் இருக்கான்னு பாருங்கள். குளிர் 5, 6 டிகிரி கூடினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும், மாதம் ஒருமுறையாவது செக் பண்ணுங்கள். காடி தேய்ந்தால் பனியில் வேலைக்கு ஆகாது. ஆஸ்திரியாவில் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்துவிட்டால் அதைப் பனிக்கால டயராகவே சட்டம் ஏற்காது.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்கும் முன், பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 3819 என்றால் 2019-ஆம் ஆண்டின் 38-வது வாரம் செய்தது. பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும், வருஷம் ஆக ஆக ரப்பர் தானாகவே இறுகிக்கொண்டு போகும்.