எண்களை நெய்தவர்

1840ஆம் ஆண்டில் ஏடா லவ்லேஸ் ஒரு சிறு விளையாட்டில் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். பலகையில் 37 குழிகள். அவற்றில் 37 முளைகள். ஒன்றை எடுத்துவிட்டு, ஒரு முளையை மற்றொன்றின் மேல் தாண்டச் செய்து, தாண்டப்பட்டதை நீக்கிக்கொண்டே வரவேண்டும். இறுதியில் ஒன்றே எஞ்சவேண்டும். பலமுறை முயன்று அவர் விடையைக் கண்டுவிட்டார். எனினும் மனம் அமையவில்லை. அவ்விடையைக் கணிதச் சூத்திரமாக எழுத இயலுமா எனத் தம் நண்பர் சார்லஸ் பாபேஜுக்கு மடல் வரைந்தார். அப்போது அவருக்கு வயது 24. மூன்று குழந்தைகளின் தாய்.

கவிஞர் பைரனின் மகளாக 1815 டிசம்பர் 10 அன்று இலண்டனில் பிறந்தவர் ஏடா. அவர் பிறந்து ஒரு திங்கள் கழிந்த அளவில் தாய் அனபெல்லா கணவரைப் பிரிந்தார். தந்தையை மகள் அதன்பின் காணவே இல்லை. தந்தையின் நிலையற்ற இயல்பு மகளிடம் தலைகாட்டிவிடுமோ என அஞ்சிய தாய், இளமையிலேயே கணிதம் பயிற்றுவித்தார். ஆனால் கற்பனை அவரைவிட்டு அகலவில்லை. பன்னிரண்டு வயதில் பறவைகளின் சிறகமைப்பை ஆராய்ந்து, தாமும் பறக்க ஒரு பொறி செய்யத் திட்டமிட்டார். பின்னர்த் தட்டம்மை தாக்கியது. நெடுநாள் படுக்கையிலும் அதன்பின் ஊன்றுகோலுடனும் கழிந்தன. 1833இல் பாபேஜ் உருவாக்கியிருந்த கணக்கிடும் பொறியின் ஒரு பகுதியைக் கண்டபோது அதன் இயக்கத்தை அறியும் வேட்கை அவருள் மூண்டது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே ஏடா அஞ்சல்வழியே உயர்கணிதம் கற்றார். ஆசிரியர் அகஸ்டஸ் டி மார்கன் மதுரையில் பிறந்தவர் என்பது நாம் அறியத்தக்கது. புரியாத ஒன்றைப் புரிந்ததாகக் கடந்துசெல்லும் வழக்கம் அம்மாணவிக்கு இல்லை. ஒரு சிறு படி தெளிவாகவில்லையெனினும் மீண்டும் மீண்டும் எழுதிக் கேட்டார். அவர்தம் ஆற்றலை டி மார்கன் நன்குணர்ந்திருந்தார். ஆயினும் இத்துணைக் கடும் கணிதப் பயிற்சியைப் பெண்ணுடல் தாங்காது எனக் கருதி, அவருடைய தாய்க்குத் தம் கவலையைத் தெரிவித்தார். பேரறிஞரையும் காலத்தின் தப்பெண்ணம் விட்டுவைக்கவில்லை.

பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி இத்தாலியப் பொறியாளர் மெனபிரேயா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை ஏடா ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1843இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பில் அவர் சேர்த்த குறிப்புகள் மூலத்தைவிட இருமடங்கிற்கும் மேல் நீண்டன. துளையிட்ட அட்டைகளால் பூவும் இலையும் நெய்யும் ஜக்கார்டு தறியுடன் அப்பொறியை அவர் ஒப்பிட்டார். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியைக் கண்டவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். எண்களை மட்டுமன்றி, விதிகளுக்கு உட்படுமாயின் இசையையும் அப்பொறி கையாளக்கூடும் என்றும் அவர் கண்டார்.

இறுதிக் குறிப்பில் தமக்குத் தாமே ஒரு தேர்வு வைத்துக்கொண்டார். பெர்னூலி எண்களை மனிதர் முன்கூட்டியே கணக்கிட்டுத் தராமல், பொறியே கண்டறியுமாறு வழிவகுக்க வேண்டும். அடுக்குகளின் கூட்டுத்தொகையைக் காண உதவும் இவ்வெண்களில் ஒன்றைப் பெற, அதற்கு முந்தையவை அனைத்தும் வேண்டும். எனவே ஒரே செயல்தொகுதியைப் பொறி திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். எளிய வாய்பாடுகள் இருந்தும், பொறியின் திறனைக் காட்டவேண்டிக் கடினமான ஒன்றையே தேர்ந்தார். இயற்கணிதப் பகுதியில் பாபேஜ் துணைபுரிந்தார். அதில் நேர்ந்த பெரும்பிழை ஒன்றை ஏடாவே கண்டு திருப்பியனுப்பினார். 1843ஆம் ஆண்டின் கோடை முழுவதும், உடல்நலம் குன்றிய நிலையிலும், அப்பணி தொடர்ந்தது. முடிவில் 25 செயல்கள் கொண்ட பட்டியல் உருவாயிற்று.

உலகின் முதல் நிரலாளர் ஏடாவே எனப் பலர் போற்றுவர். பாபேஜ் முன்னரே சில நிரல்களை எழுதி வைத்திருந்ததால் அக்கூற்றை மறுப்பவரும் உளர். ஆனால் அச்சில் வெளிவந்தவற்றுள் இத்துணை விரிவும் தெளிவும் உடையது அதற்குமுன் இல்லை. அப்பட்டியலின் நான்காம் செயலில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம்மாறி அச்சாகியுள்ளன. இன்றாயின் கணினியில் இட்டதும் அப்பிழை வெளிப்பட்டுவிடும். ஏடாவுக்கோ இட்டுப்பார்க்கப் பொறியே இல்லை. பகுப்பாய்வுப் பொறி வரைபடமாகவே நின்றுவிட்டது.

1852 நவம்பர் 27 அன்று, புற்றுநோயால், தம் 36ஆம் வயதில் ஏடா மறைந்தார். தந்தை இறந்ததும் அதே வயதில்தான். அவரது விருப்பப்படி, நினைவறியக் கண்டிராத அத்தந்தையின் அருகில் ஹக்னல் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தனர்.