காடு பயின்ற கர்னல் பெடோம்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதையின் இருமருங்கிலும் செங்குத்தான பாறைச் சரிவுகள் உள்ளன. கோடையில் அங்கே காய்ந்த புல்லும் இலையுதிர்ந்த மரங்களுமே கண்ணுக்குப் புலப்படும். அவற்றினிடையே இடுப்பளவோ ஆளுயரமோ வளர்ந்த ஒரு செடி மட்டும் பசுமையான மடல்களை வட்டமாக விரித்து நிற்கும். தொலைவிலிருந்து காண்போர் அதனை ஈந்து என்றோ சிறிய பனை என்றோ எண்ணுவர். அஃது ஈந்துமன்று, பனையுமன்று. அதன் அறிவியல் பெயர் சைகஸ் பெடோமி. சேசாசலக் குன்றுகளையும் அவற்றை அடுத்த கடப்பைப் பகுதி மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. இம்மண்ணுக்கே உரிய அச்செடியின் பெயரில், கடல் கடந்து வந்த ஒருவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1830ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மூத்த மகனாகிய பெடோமும் சட்டமே பயில வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அவருக்கோ அதில் நாட்டம் செல்லவில்லை. பதினெட்டாம் வயதில், 1848ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். சென்னைக் காலாட்படையின் 42ஆம் பிரிவில் பணியாற்றினார். மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. படைவீரராக வந்த அவ்விளைஞரைக் காடு தன்பால் ஈர்த்துக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் காடுகளைக் காப்பதற்கெனத் தனித்துறை ஒன்று 1856ஆம் ஆண்டு தோன்றியது. மருத்துவரும் தாவரவியலறிஞருமான ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் காப்பாளர். அடுத்த ஆண்டே பெடோம் அவருக்கு உதவியாளராக அமர்த்தப்பட்டார். 1860இல் கிளெக்ஹார்னின் இடத்திற்கு வந்து, 1882 வரை ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அத்துறைக்குத் தலைமை தாங்கினார்.

அக்காலம் காடுகளுக்கு இடர் மிகுந்த காலம். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி ஓடிய தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டியைத் தொடர்ந்து இருப்புப்பாதைகள் விரைந்து நீண்டன. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா, கோடூர், கடப்பை வழியாக வடமேற்கு நோக்கிச் சென்ற பாதை சேசாசலக் காடுகளின் விளிம்பையே தொட்டுச் சென்றது. தண்டவாளத்தின் அடியில் கிடத்தவும் மரம் வேண்டும். நீராவிப் பொறியில் எரிக்கவும் மரம் வேண்டும். நூறாண்டுகளில் வளர்ந்த மரம் ஒரு நாள் ஓட்டத்தில் சாம்பலாயிற்று. எதனை வெட்டலாம், எதனை வெட்டலாகாது, வெட்டிய இடத்தில் எது மீண்டும் தழைக்கும் என்று சொல்வதற்கு முதலில் காட்டிலுள்ள மரங்களின் பெயரும் இயல்பும் தெரிய வேண்டும். இதுவே பெடோம் ஏற்றுக்கொண்ட பணி.

அவர் அலுவலகத்தில் அமர்ந்து அதனைச் செய்யவில்லை. ஆனைமலை, நீலகிரி, திருவிதாங்கூர் மலைகள், கடப்பைக் குன்றுகள் எனத் தென்னாட்டு மலைகளில் சுற்றித் திரிந்தார். பூவும் காயுமாகக் கிளைகளைக் கொய்து, தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தினார். ஒரு மரத்தை இன்னதென்று துணிவதற்கு இலை மட்டும் போதாது. இலை இடத்திற்கேற்ப மாறும். நிழலில் அகன்றும் வெயிலில் குறுகியும் போகும். பூவின் அமைப்போ அவ்வளவு எளிதில் மாறாது. இதழ்கள் எத்தனை, மகரந்தத் தாள்கள் தனித்தனியா கூடியிருக்கின்றனவா, சூலகத்தில் அறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தே இனத்தைத் தீர்மானிப்பர். தாவரவியலார் இனப்பெருக்க உறுப்புகளை இத்துணை நுணுகி ஆராய்வதன் காரணம் இதுவே.

அந்நூல்களில் உள்ள படங்களுக்காக இங்கே இன்னொருவரையும் நினைவுகூர்தல் வேண்டும். கோவிந்து என்னும் தென்னாட்டு ஓவியர் முன்னர் இராபர்ட் வைட் என்ற அறிஞருக்கும், பின்னர் கிளெக்ஹார்னுக்கும் பெடோமுக்கும் செடிகளை வரைந்து கொடுத்தார். 1869 முதல் 1873 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பெடோமின் தென்னிந்திய வன மரங்கள் பற்றிய பெருநூலில் 330 படங்கள் உள்ளன. பிளந்த பூவின் உள்ளமைப்பும் காயின் குறுக்குவெட்டும் அவற்றில் தெளிவாகத் தெரியும். கர்னலின் பெயர் செடிகளின் பெயரில் நிலைத்தது. ஓவியரின் பெயரோ படத்தின் அடியில் சிற்றெழுத்துகளில் நின்றுவிட்டது.

பெடோம் மிகுதியும் விரும்பியவை பூக்கும் மரங்கள் அல்ல, பெரணிகளே. தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி 1863 முதல் அவர் வெளியிட்ட நூலில் 271 படங்கள் இடம்பெற்றன. பின்னர் இந்தியா முழுமைக்குமாக அந்த ஆய்வை விரித்தார். 1883இல் அவர் எழுதிய கையேட்டினைப் பெரணிகளை ஆராய்வோர் பல்லாண்டுகள் பயன்படுத்தினர்.

பெரணிக்குப் பூ இல்லை, கனி இல்லை, விதையும் இல்லை. அவ்வாறாயின் அஃது எவ்வாறு பெருகுகிறது? முதிர்ந்த பெரணி இலையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாகத் தென்படும். அறியாதவர் அவற்றைப் பூச்சியின் முட்டைகள் என்று கருதுவதுண்டு. அவை வித்துத்தூள் நிறைந்த நுண்பைகளின் தொகுப்புகள். காற்று உலர்ந்ததும் பை வெடித்துத் தூள் பறக்கும். ஈரமான இடத்தில் விழுந்த வித்துத்தூள், நகத்தின் அளவேயுள்ள, இதய வடிவான ஒரு மெல்லிய பசுந்தகடாக முளைக்கும். அத்தகட்டின் அடிப்புறத்தில் ஆண் அணுக்களும் பெண் அணுக்களும் உண்டாகின்றன. மழைத்துளியோ பனித்துளியோ படரும்போது ஆண் அணு அந்நீரில் நீந்திச் சென்று பெண் அணுவை அடையும். அதன் பின்னரே நாம் பெரணி என்று அறியும் செடி எழும்.

நீந்துவதற்கு ஒரு துளி நீரேனும் வேண்டும் என்பதனால்தான் பெரும்பாலான பெரணிகள் அருவியோரத்தையும் பாறை இடுக்கின் நிழலையும் நாடுகின்றன. வறண்ட சேசாசலத்திலும் நீர் கசியும் பள்ளத்தாக்குகளில் பெரணிகள் உள்ளன. அத்தகைய பாறைப் பள்ளங்களில் தேடியலைந்த பெடோமின் கண்ணில் செடி மட்டும் படவில்லை. திருப்பதி மலைகளிலிருந்து கிடைத்த ஒரு பொன்னிறப் பல்லியை 1870ஆம் ஆண்டு அவர் உலகுக்கு அறிவித்தார். இன்று தங்கப்பல்லி எனப்படும் அவ்வுயிரியைப் பற்றிய செய்தி அதன்பின் நெடுங்காலம் அறிவியலாருக்குக் கிட்டவில்லை. 1980களின் நடுவில் திருமலைப் பகுதியிலேயே மீண்டும் அது கண்டறியப்பட்டது. பாம்புகள், பல்லிகள், தவளைகள் ஆகியவற்றிலும் பல புதிய இனங்களைப் பெடோம் விவரித்திருக்கிறார்.

இனி, இம்மலைகளின் புகழ்பெற்ற மரமாகிய செம்மரத்தைக் காண்போம். மண் குறைந்த, கல் மிகுந்த சரிவுகளே அதன் வாழிடம். மழை நின்று வெயில் ஏறுகையில் செம்மரம் தன் இலைகளை உதிர்த்துவிடும். இலையின் நுண்துளைகள் வழியாகவே மரத்தின் நீர் ஆவியாகிறது. வேருக்கு நீர் கிடைக்காத காலத்தில் இலையைச் சுமந்து நின்றால் மரம் வாடிப்போகும். எனவே இலையுதிர்தல் நோயன்று. சுற்றுச்சூழலின் மாற்றத்தை உணர்ந்து மரம் தரும் மறுமொழி. கோடையில் மஞ்சள் நிறப் பூக்கள் மலரும். காயைச் சுற்றி வட்டமான மெல்லிய சிறகு ஒன்று அமைந்திருக்கும். மலைக்காற்று அதனைத் தாய்மரத்தின் நிழலிலிருந்து அப்பால் கொண்டு செல்லும். வெட்டப்பட்ட செம்மரத்தின் அடிக்கட்டையும் எளிதில் மடிவதில்லை. பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் விழித்துப் புதிய தளிர்களை விடும். கால்நடை மேயாமலும் தீ பரவாமலும் காத்தால் அத்தளிர்கள் மரமாகும். காட்டிற்குச் சில ஆண்டுகள் ஓய்வு தருவது என்ற வனத்துறையின் முறைக்கு அடிப்படை, மரத்தின் இந்த இயல்பே.

கடப்பைக் குன்றுகளில் பெடோம் திரட்டிய செடிகளுள்தான் அந்தச் சைகஸும் இருந்தது. தென்னாட்டில் மதனகாமப்பூ என்று மருந்துக்கடைகளில் அறியப்படும் சைகஸ் இனத்திலிருந்து இது வேறுபட்டது. மடலின் சிற்றிலைகள் குறுகியவை. ஓரங்கள் கீழ்ப்புறமாகச் சுருண்டவை. வெயிலும் வறட்சியும் மிக்க இடத்தில் நீரைக் காக்க இவ்வமைப்பு உதவுகிறது. இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த திசெல்டன் டையர் இதனை 1883ஆம் ஆண்டு தனி இனமாக விவரித்தார். செடியைத் திரட்டியவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

சைகஸ் ஒரு விந்தையான தாவரம். பெரணிக்கும் பூக்கும் தாவரத்திற்கும் இடைப்பட்டது போன்ற இயல்புகள் அதனிடம் உள்ளன. அதற்கு விதை உண்டு. ஆனால் பூவும் கனியும் இல்லை. இதில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்செடியின் உச்சியில் பெரிய கூம்பு ஒன்று தோன்றி மகரந்தத்தைச் சொரியும். பெண்செடியின் உச்சியிலோ இலை போன்ற பழுப்பு நிற உறுப்புகள் தோன்றும். அவற்றின் ஓரங்களில் சூல்கள் மறைவின்றி அமர்ந்திருக்கும். மகரந்தம் சூலை அடைந்து குழாயாக நீண்டதும், அதிலிருந்து வெளிப்படும் ஆண் அணு, பெரணியில் போலவே நீந்திச் செல்கிறது. தேவையான நீர்த்துளியைச் சூல் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சைகஸின் நீந்தும் ஆண் அணுவை இகேனோ என்னும் சப்பானிய அறிஞர் 1896இல் கண்டுபிடித்தார். பெரணிகளில் வாழ்நாளைச் செலவிட்ட பெடோம் அப்போது இலண்டனில் ஓய்வில் இருந்தார்.

அதன் வேரிலும் ஒரு புதுமை உண்டு. வேர் மண்ணுக்குள் கீழ்நோக்கிச் செல்லும், தண்டு ஒளியை நோக்கி எழும் என்பது பொதுவிதி. சைகஸின் சில வேர்களோ புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி வளர்ந்து, மண்ணின் மேற்பரப்பருகே பவளக்கொத்துப் போலக் கிளைக்கின்றன. அவற்றினுள் நீலப்பசும்பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரசனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகிறது. கல்லும் மணலுமான சரிவில் சைகஸ் பசுமையாக நிற்பதற்கு இவ்வுறவு துணைசெய்கிறது. காட்டுத்தீயையும் அது தாங்கும். உதிர்ந்த மடல்களின் அடிப்பகுதிகள் தண்டைக் கவசம்போல் மூடியிருப்பதால், மடல்கள் கருகினாலும் உள்ளிருக்கும் குருத்து பிழைத்துக்கொள்ளும்.

பெடோம் பொறுப்பிலிருந்து விலகிய 1882ஆம் ஆண்டிலேயே சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டது. காடுகள் எல்லையிடப்பட்டு அரசின் காப்புக்குள் சென்றன. மரங்கள் ஓரளவு காக்கப்பட்டன என்பது உண்மை. அதே வேளையில், தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடுமாடு மேய்த்தும் விறகும் தேனும் எடுத்தும் வாழ்ந்த மலைவாழ் மக்கள் தங்கள் காட்டுக்குள் நுழைவதற்கே அனுமதி கேட்க நேர்ந்தது. காட்டை மிகுதியாக உண்டது தொடர்வண்டியும் வணிகமும். கட்டுப்பாட்டின் சுமையோ எளியவர் தோளில் விழுந்தது. பெடோமின் பணியை மதிப்பிடுவோர் இதனையும் சேர்த்தே காண வேண்டும்.

தாயகம் திரும்பிய பெடோம், இலண்டனின் வாண்ட்ஸ்வொர்த் பகுதியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குச் சிஸ்பாரா என்று பெயரிட்டார். அது நீலகிரியின் மேற்கு விளிம்பிலுள்ள ஒரு கணவாயின் பெயர். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அவர் காலமானார். அவர் நன்கறிந்த திருப்பதி அதுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது.

சைகஸ் பெடோமி இன்று அழிவின் விளிம்புக்கு வந்துள்ளது. மருந்துக்கென்று ஆண்செடிகளின் கூம்புகளை வெட்டிச் செல்கின்றனர். செடி உடனே சாவதில்லை. ஆதலின் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சூலுடன் நிற்கும் பெண்செடிக்கு மகரந்தம் வந்து சேராது, விதை பிடிக்காது, முதிய செடிகள் நிற்கும் சரிவில் இளஞ்செடிகள் இல்லாமற் போகும். உலக நாடுகளின் வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் மிகக் கடுமையான முதற்பட்டியலில் இவ்வினம் சேர்க்கப்பட்டுள்ளது. சைகஸ் பேரினத்தில் அப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது இஃது ஒன்றே. சேசாசலக் காடுகள் 2010ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. கோடைத்தீ அணைந்த சில வாரங்களில், கருகிய தண்டின் உச்சியில் புதிய மடல்கள் எழுகின்றன. அவற்றின் சிற்றிலைகள், இளம்பெரணியின் குருத்தைப் போலவே, உள்நோக்கிச் சுருண்டிருந்து மெல்ல விரிகின்றன.