திமிங்கலத்தின் இதயத்தை அளந்தவர்

உடல் முழுவதற்கும் குருதியை அனுப்புவது இதயம். ஆனால் அந்த இதயத்தின் தசைக்குக் குருதி ஊட்டுவது எது? பெருந்தமனியின் அடியில் கிளைக்கும் இரண்டு கரோனரித் தமனிகள்தாம். திமிங்கலமாயினும் மனிதனாயினும் இயற்கையின் ஏற்பாடு இதுவே. இவ்வுண்மையோடு வாழ்வும் சாவும் பின்னிக் கிடந்த அறிஞர் ஒருவர் உண்டு. அவரே ஜான் ஹண்டர்.

1728-இல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு அருகே, பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஏட்டுக் கல்வியில் அவருக்கு நாட்டமில்லை. 1748-இல் லண்டன் சென்று, அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூறியல் பள்ளியில் உதவியாளரானார். பின்னர் படை மருத்துவராகப் பணியாற்றினார். 1768-இல் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக அமர்ந்தார். ஈட்டிய பொருளையெல்லாம் விலங்குகளை அறுத்து ஆராய்வதிலேயே செலவிட்டார்.

திமிங்கலத்தின் மீது அவருக்குத் தணியாத ஆவல். தம் செலவிலேயே ஒரு மருத்துவரைக் கிரீன்லாந்துக் கடலுக்கு அனுப்பினார். வந்தவர் கொணர்ந்ததோ ஒரு தோல் துண்டு மட்டுமே! ஹண்டர் சோர்ந்துவிடவில்லை. கிடைத்த திமிங்கலங்களை அறுத்து ஆராய்ந்து, 1787-இல் அரிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நாற்கால் விலங்குகளைப் போலவே திமிங்கல இதயத்திற்கும் இரண்டு ஆரிக்கிள்கள், இரண்டு வெண்ட்ரிக்கிள்கள் இருப்பதை விளக்கினார். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் இதயமோ அகன்ற தொட்டியிலும் அடங்கவில்லை. அதன் பெருந்தமனியின் விட்டம் ஓர் அடி. ஒரு துடிப்பில் 10 முதல் 15 காலன் குருதி பாயக்கூடும் என்று கணக்கிட்டு வியந்தார்.

அந்த வியப்புக்கு முன்பே, 1773 முதல், அவருடைய நெஞ்சில் வலி குடியேறியிருந்தது. சினம் கொண்டால் வலி மிகும். தம்மைச் சீண்டுபவன் கையில்தான் தம் உயிர் இருக்கிறது என்பதை அவரே அறிந்திருந்தார்.

அவருடைய அன்பு மாணவர் எட்வர்டு ஜென்னர், பிற்காலத்தில் அம்மைத் தடுப்பூசியால் உலகப் புகழ் பெற்றவர். நெஞ்சுவலியால் இறந்தோரின் கரோனரித் தமனிகள் இறுகிக் கிடப்பதை அவர் கண்டார். ஆசிரியரின் நோயும் அதுவே என்று ஐயுற்றார். ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. மருந்தில்லாத காலத்தில், அச்செய்தி ஆசிரியரின் மனத்தை உடைத்துவிடுமே என்று அஞ்சினார். உண்மையைத் தேடக் கற்பித்தவரிடமே உண்மையை மறைக்க நேர்ந்த மாணவரின் வேதனையை என்னென்பது!

1793 அக்டோபர் 16 அன்று மருத்துவமனைக் கூட்டத்தில் சொற்போர் மூண்டது. சினத்தை அடக்கியவாறு அடுத்த அறைக்குச் சென்ற ஹண்டர் அங்கேயே சாய்ந்தார், உயிர் பிரிந்தது. உடலை அறுத்துப் பார்த்தபோது கரோனரித் தமனிகள் எலும்பாக இறுகியிருந்தன. ஜென்னரின் ஐயம் மெய்யாயிற்று.

ஓர் அடி அகலக் குழாயை அளந்து வியந்தவரைச் சாய்த்தவை, அவர் நெஞ்சுக்குள்ளிருந்த இரண்டு சிறு குழாய்கள். நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆட்டின் இதயத்தைக் கையில் எடுக்கும்போது, பெருந்தமனியின் அடியில் அவ்விரு சிறு வாய்களையும் தேடிப் பாருங்கள். பெரியதைத் தாங்கி நிற்பது சிறியதே என்பது விளங்கும்.