நட்சத்திரத்தின் சூட்டை அளந்தவர்!

குட்டீஸ்... கல்வராயன் மலையில் இரவு வானத்தைப் பார்த்தால், கள்ளக்குறிச்சி டவுனில் தெரியாத நட்சத்திரங்கள் கூட பளிச்சென்று தெரியும். அவற்றின் சூட்டைக் கணக்கிட வழி சொன்னவர், இந்திய விஞ்ஞானி மேகநாத் சாகா.

டாக்கா அருகே, சியோரத்தலி கிராமத்தில், 1893, அக்டோபர் 6ல் பிறந்தார். அப்பா சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். உள்ளூரில் ஆரம்பப் பள்ளி மட்டுமே இருந்தது. மேலே படிக்க, வெளியூர் டாக்டர் ஒருவர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அங்கே மாட்டைக் கவனித்தபடியே படித்த சாகா, மாவட்டத்தில் முதலிடம் பிடித்து, உதவித்தொகை பெற்றார்.

வங்கப் பிரிவினை நடந்த 1905ல், ஆங்கிலேய கவர்னரின் வருகையைப் புறக்கணித்ததால், டாக்கா பள்ளியில் இருந்து நீக்கப்பட்டார். உதவித்தொகையும் பறிபோனது. அதற்காக அவர் படிப்பை விடவில்லை. வேறு பள்ளியில் சேர்ந்தார்.

வாயுவை மிக அதிகமாகச் சூடாக்கினால், அணுக்களில் இருந்து எலக்ட்ரான்கள் பிரியும். அந்த நிலைதான் பிளாஸ்மா. எரியும் டியூப் லைட்டுக்குள்ளும் பிளாஸ்மா உண்டு. எவ்வளவு சூட்டில், எத்தனை அணுக்கள் இப்படிப் பிரியும் என்று சொல்லும் சமன்பாட்டை, 1920ல் வெளியிட்டார் சாகா. அதைக் கொண்டு, நட்சத்திர ஒளியில் உள்ள கோடுகளில் இருந்தே அதன் சூட்டை அறிய முடிந்தது.

அலகாபாத், கோல்கட்டா பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்த சாகா, 1952ல் எம்.பி.,யும் ஆனார். 1956, பிப்ரவரி 16ல் காலமானார். சூரியனையும் நட்சத்திரங்களையும் ஆராய்பவர்களுக்கு, இன்றும் கை கொடுக்கிறது சாகா சமன்பாடு!